தண்ணீரில் கரைந்த பி.வி.ஏ.வை ஒளியால் உடைப்பது: செய்முறையும் அளவீடும்

பாலிவினைல் ஆல்கஹால், சுருக்கமாக பி.வி.ஏ., தண்ணீரில் கரையும் செயற்கை பாலிமர்களில் அதிகம் புழங்கும் ஒன்று. பாவு நூலுக்குக் கஞ்சி போடும் சைசிங் பட்டறைகளில் ஸ்டார்ச்சுடன் சேர்க்கிறார்கள். காகிதப் பூச்சிலும் பசையிலும் இருக்கிறது. சலவைத் திரவத்தை அடைத்து விற்கும் சிறு பைகளின் மேலுறையும் இதுதான். நெய்த துணியைக் கஞ்சி நீக்கும்போது பி.வி.ஏ. அப்படியே கழிவுநீரில் இறங்கிவிடுகிறது. இதைத் தின்று பழகிய நுண்ணுயிர்கள் இல்லாத சுத்திகரிப்புத் தொட்டியில் இது அவ்வளவு எளிதில் சிதையாது. ஒளியை வைத்து உடைக்கும் முறைகளை ஆராய்வதற்குக் காரணம் இதுதான்.

கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் இருக்கும் கருவிகளே இந்தச் சோதனைக்குப் போதும். செய்வது எளிது, கிடைத்த எண்ணுக்குச் சரியான பொருள் சொல்வதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பாகுநிலை, அதாவது கரைசல் ஓடவிடாமல் காட்டும் கெட்டித்தன்மை, பாதியாகிவிட்டால் பாலிமர் பாதி அழிந்துவிட்டது என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. ஏன் தவறு என்பதைக் கணக்கோடு கீழே பார்க்கலாம்.

ஒளி எதைத் தொடுகிறது

254 நானோமீட்டர் ஒளியில் ஒரு மோல் ஃபோட்டானின் ஆற்றல் சுமார் 471 கிலோஜூல். கார்பன்–கார்பன் ஒற்றைப் பிணைப்பை முறிக்க ஏறத்தாழ 347 கிலோஜூல் போதும். ஆகவே ஆற்றலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் உறிஞ்சப்படாத ஒளி எந்த வினையையும் செய்யாது. தூய பி.வி.ஏ. 220 நானோமீட்டருக்கு மேல் ஒளியை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. தயாரிப்பின்போது சங்கிலியில் ஆங்காங்கே தங்கிவிட்ட கார்பனைல் தொகுதிகளும் இரட்டைப் பிணைப்புகளும் மட்டுமே கொஞ்சம் உறிஞ்சும். அதனால் வெறும் பி.வி.ஏ. கரைசலை விளக்கின் கீழே வைத்தால் மாற்றம் மிக மெதுவாகத்தான் நடக்கும்.

எனவே ஒளியை வாங்கிக்கொள்ள வேறொரு பொருள் வேண்டும். இந்தச் செய்முறையில் அது ஹைட்ரஜன் பெராக்சைடு. 254 நானோமீட்டரில் அதன் மோலார் உறிஞ்சல் கெழு சுமார் 18.6. இது சிறிய எண்தான், ஆனால் உறிஞ்சிய பெராக்சைடு மூலக்கூறு இரண்டாகப் பிளந்து இரண்டு ஹைட்ராக்சில் ரேடிக்கல்களைத் தருகிறது (ரேடிக்கல் என்பது இணை சேராத எலக்ட்ரானோடு, எதனோடும் உடனே வினைபுரியும் துண்டு). அவை சங்கிலியிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்குகின்றன, பெரும்பாலும் ஆல்கஹால் தொகுதி உட்கார்ந்திருக்கும் கார்பனிலிருந்து. அங்கே உண்டாகும் கார்பன் ரேடிக்கலோடு கரைந்துள்ள ஆக்சிஜன் உடனே சேர்ந்து பெராக்சில் ரேடிக்கலாகிறது. அதன்பின் இரண்டு வழிகள்: ஒன்றில் அந்த இடம் கீட்டோனாக மாறிச் சங்கிலி முழுசாகவே இருக்கும், மற்றதில் ஆல்காக்சில் ரேடிக்கல் வழியாகப் பக்கத்துக் கார்பன்–கார்பன் பிணைப்பு முறியும். பாகுநிலையை இறக்குவது இந்த இரண்டாவது வழிதான்.

கரைசல் தயாரித்தல்

98 சதவீதத்துக்கு மேல் நீராற்பகுக்கப்பட்ட, மூலக்கூறு எடை ஒரு லட்சம் அளவிலான பி.வி.ஏ. தூள் 2.00 கிராம் எடுங்கள். 400 மி.லி. வாலைவடிநீரை, அறை வெப்பத்திலேயே, காந்தக் கலக்கியில் வைத்து வேகமாகச் சுழலவிட்டு, சுழலின் ஓரத்தில் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். சூடான தண்ணீரில் கொட்டவே கூடாது. ரவையைக் கொதிநீரில் மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டுவதுபோல் வெளிப்புறம் மட்டும் உப்பி உள்ளே உலர்ந்த தூளோடு நின்றுவிடும். அந்தக் கட்டி பிறகு எத்தனை மணி நேரம் சூடாக்கினாலும் முழுதாகக் கரையாது.

தூள் நன்றாகப் பரவியதும் 90 முதல் 95 டிகிரிக்குச் சூடேற்றி, பாத்திரத்தை மூடி, 45 நிமிடம் வைத்திருங்கள். ஆறியபின் 500 மி.லி.க்கு நிரப்புங்கள். செறிவு லிட்டருக்கு 4 கிராம், அதாவது டெசிலிட்டருக்கு 0.4 கிராம். கண்ணாடி வடிகட்டி வழியாக ஒருமுறை வடித்துவிடுங்கள். பாகுநிலையை அளக்கும் பாகுமானியில், கரைசல் ஓடும் நுண்புழையில் ஒரு சிறு துகள் சிக்கினாலும் ஓடும் நேரம் கெட்டுவிடும். கரைசலை அன்றைக்கே பயன்படுத்துவது நல்லது. முழுதாக நீராற்பகுக்கப்பட்ட வகை நாள்பட்டால் தானாகவே இறுகத் தொடங்கும், பூஞ்சையும் பிடிக்கும். இரண்டுமே பாகுநிலையை மாற்றும்.

ஒளியூட்டும் அமைப்பு

வீட்டு நீர் வடிகட்டிகளுக்கு விற்கும் 11 வாட் யு.வி. குழாய் போதும், அதற்குரிய சோக்கோடு. இது குறை அழுத்தப் பாதரச விளக்கு. வாங்கும் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு 254 நானோமீட்டர் ஒளியாக வெளிவரும். ஊதா நிறத்தில் ஒளிரும் 365 நானோமீட்டர் 'பிளாக் லைட்' இதற்கு உதவாது. அந்த அலைநீளத்தில் பெராக்சைடு அநேகமாக எதையும் உறிஞ்சுவதில்லை.

இங்கே நடக்கும் மிகப் பொதுவான தவறு, கரைசலை போரோசிலிகேட் குடுவையில் ஊற்றி விளக்கைப் பக்கவாட்டில் வைப்பது. அந்தக் கண்ணாடி சுமார் 300 நானோமீட்டருக்குக் கீழே உள்ள ஒளியைத் தடுத்துவிடும். ஒரு மணி நேரம் கழித்தும் ஒன்றுமே நடக்காது. குவார்ட்ஸ் பாத்திரம் இல்லையென்றால் ஒளி மேலிருந்து நேராகக் கரைசலின் திறந்த பரப்பில் விழ வேண்டும். 18 செ.மீ. விட்டமுள்ள தட்டையான படிகமாக்கும் கிண்ணத்தில் 500 மி.லி. ஊற்றினால் ஆழம் ஏறக்குறைய 2 செ.மீ. இருக்கும். விளக்கைப் பரப்புக்கு 5 செ.மீ. மேலே பொருத்தி, அதன் பின்னால் அலுமினியத் தகட்டை வளைத்து வையுங்கள்.

30 சதவீதப் பெராக்சைடு 0.51 மி.லி. சேர்த்தால் கரைசலில் 10 மில்லிமோலார் கிடைக்கும். 2 செ.மீ. ஆழத்தில் உறிஞ்சல் அளவு 0.37, உள்ளே நுழையும் ஒளியில் சுமார் 57 சதவீதம் பெராக்சைடிடம் போகிறது. இன்னும் நிறைய ஊற்றினால் வேகம் கூடும் என்று தோன்றும், ஓரளவுக்குக் கூடவும் செய்யும். அதற்கு மேல் பெராக்சைடே ஹைட்ராக்சில் ரேடிக்கல்களைத் தின்னத் தொடங்கும். உண்டாகும் ரேடிக்கல்களை பாலிமருக்குச் சேரவிடாமல் வீணாக்கும்.

பாட்டிலில் எழுதியிருக்கும் 30 சதவீதத்தை அப்படியே நம்ப வேண்டாம். திறந்து சில மாதமான பாட்டிலில் செறிவு குறைந்திருக்கும். அமிலம் சேர்த்து பெர்மாங்கனேட்டோடு தரம் பார்த்துவிட்டு அளவைத் திருத்திக்கொள்ளுங்கள்.

விளக்கைத் தனியாக 10 நிமிடம் எரியவிட்டு, ஒளி நிலைப்பட்ட பிறகே கிண்ணத்தை அடியில் நகர்த்துங்கள். கலக்கி மிதமாகச் சுழலட்டும். ஈரமாக்கிய காற்றை மெல்லிய கண்ணாடிக் குழாயால் குமிழியிடுங்கள். உலர் காற்று தண்ணீரை வாரிக்கொண்டு போய்விடும். இரும்பு ஊசி, துருப்பிடித்த கவ்வி எதுவும் கரைசலைத் தொடக் கூடாது. இரும்பின் சுவடு இருந்தாலே இருட்டிலும் பெராக்சைடு ரேடிக்கல்களைத் தரும். நுரை வந்தால் ஆக்டனால் போன்ற நுரையடக்கி விடாதீர்கள், அதுவும் ரேடிக்கல்களைப் பங்குபோட்டுக்கொள்ளும். காற்றோட்டத்தைக் குறைத்தாலே நுரை அடங்கும்.

254 நானோமீட்டர் ஒளி சில நிமிடங்களில் கண்ணையும் தோலையும் சுட்டுவிடும். வலி பல மணி நேரம் கழித்துத்தான் தெரியும். அமைப்பு முழுவதையும் அட்டைப்பெட்டியாலோ அலுமினியத் தாளாலோ மூடுங்கள். பாலிகார்பனேட் கண்ணாடி, முழுக்கைச் சட்டை, கையுறை கட்டாயம். மாதிரி எடுக்கும்போது விளக்கை மறைத்துவிட்டு எடுங்கள்.

மாதிரி எடுத்தல்

0, 2, 5, 10, 20, 40, 60 நிமிடங்களில் 15 மி.லி. வீதம் எடுங்கள். ஆரம்பத்தில் நெருக்கமாக எடுப்பதற்குக் காரணம் உண்டு: பாகுநிலை வேகமாக இறங்குவது முதல் சில நிமிடங்களில்தான். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுப்பவர்கள் வளைவின் முக்கியமான பகுதியையே தவறவிடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் கிண்ணத்தை எடை போட்டு, ஆவியான அளவுக்கு வாலைவடிநீர் சேர்க்க வேண்டும்.

எடுத்த மாதிரியில் மீதிப் பெராக்சைடு இருக்கும்வரை வினை முழுதாக நிற்காது. கேட்டலேஸ் நொதியின் ஒரு துளி சேர்த்து அதை அழித்துவிடுங்கள். 10 மில்லிமோலார் கொண்ட 15 மி.லி. மாதிரியிலிருந்து ஏறக்குறைய 1.8 மி.லி. ஆக்சிஜன் வெளிவரும். அந்தக் குமிழிகள் முழுதும் அடங்கும்வரை காத்திருக்காமல் பாகுமானியில் ஊற்றினால் நுண்புழையில் குமிழி மாட்டி நேரம் தாறுமாறாகும். மொத்தக் கரிமக் கார்பன் அளக்க வைத்திருக்கும் மாதிரியில் மட்டும் கேட்டலேஸ் கூடாது, அது புரதம். அதன் கார்பனும் கணக்கில் ஏறிவிடும்.

இவற்றோடு மூன்று ஒப்புச் சோதனைகளைச் செய்யாமல் முடிவு எழுதக் கூடாது. ஒளி உண்டு, பெராக்சைடு இல்லை என்பது ஒன்று. பெராக்சைடு உண்டு, விளக்கு அணைந்திருக்கிறது, காற்றும் கலக்கலும் அப்படியே என்பது இரண்டாவது. பாலிமர் இல்லாத வெறும் நீரில் பெராக்சைடும் ஒளியும் என்பது மூன்றாவது. இருட்டுச் சோதனையில் பாகுநிலை இறங்கினால் இரும்பு எங்கிருந்தோ வருகிறது என்று சந்தேகப்படுங்கள். மூன்றாவது சோதனையில் பெராக்சைடு குறையும் வேகம், விளக்கு உண்மையில் கரைசலுக்குள் எவ்வளவு ஒளி தருகிறது என்பதைக் காட்டும். விளக்கு பழசானால் அந்த எண் குறையும், வேறு எந்த அறிகுறியும் வெளியே தெரியாது.

பாகுநிலையும் கணக்கும்

தண்ணீர் ஓட 100 வினாடிக்கு மேல் எடுக்கும் ஆஸ்ட்வால்ட் பாகுமானியைத் தேர்ந்தெடுங்கள். அதைவிட வேகமாக ஓடினால் இயக்க ஆற்றல் திருத்தம் தேவைப்படும். 25 டிகிரி அருகே ஒரு டிகிரி மாறினால் தண்ணீரின் பாகுநிலை சுமார் 2 சதவீதம் மாறும். எனவே நீர்த்தொட்டி 0.1 டிகிரிக்குள் நிற்க வேண்டும். சென்னையிலோ மதுரையிலோ மே மாதத்தில் குழாய்த் தண்ணீரே 30 டிகிரியைத் தாண்டும் என்பதால் சூடேற்றி மட்டும் வைத்து 25-ஐப் பிடிக்க முடியாது. குளிர்விப்பான் அல்லது தொட்டிக்குள் குளிர்ந்த நீர் ஓடும் செப்புச் சுருள் வேண்டும். ஒவ்வொரு மாதிரியையும் பத்து நிமிடம் தொட்டியில் நிற்கவிட்டு, மூன்று அளவீடுகள் 0.2 வினாடிக்குள் ஒத்துப்போகும்வரை எடுங்கள்.

மாதிரி ஓடும் நேரத்தைத் தண்ணீர் ஓடும் நேரத்தால் வகுத்தால் சார்பு பாகுநிலை. அதிலிருந்து 1 கழித்தால் தற்பாகுநிலை. உள்ளார்ந்த பாகுநிலையை முறைப்படி ஐந்து செறிவுகளில் அளந்து பூஜ்யத்துக்கு நீட்டித்துக் காண வேண்டும். நேரத்தோடு மாறும் மாதிரிகளுக்கு அது நடைமுறைக்கு ஒத்துவராது. ஒரே செறிவில் காண சாலமன்–சியூட்டா சமன்பாடு உதவும்:

உள்ளார்ந்த பாகுநிலை = √[2 × (தற்பாகுநிலை − சார்பு பாகுநிலையின் இயல் மடக்கை)] ÷ செறிவு

தண்ணீர் 120.0 வினாடி, தொடக்க மாதிரி 192.0 வினாடி என்று வைத்துக்கொள்வோம். சார்பு பாகுநிலை 1.600, தற்பாகுநிலை 0.600, இயல் மடக்கை 0.470. விடை கிராமுக்கு 1.27 டெசிலிட்டர். உள்ளார்ந்த பாகுநிலையிலிருந்து மூலக்கூறு எடையைக் காண உதவும் மார்க்–ஹூவிங்க் மாறிலிகள், பி.வி.ஏ.வுக்குத் தண்ணீரில் 25 டிகிரியில், 0.0002, 0.76. உள்ளார்ந்த பாகுநிலையை 0.0002 ஆல் வகுத்து, வந்ததை 1 ÷ 0.76 என்ற அடுக்குக்கு உயர்த்தினால் மூலக்கூறு எடை சுமார் 1,01,000. ஒளியூட்டிய மாதிரி 144.0 வினாடியில் ஓடினால் இதே வழியில் 0.47 டெசிலிட்டர், மூலக்கூறு எடை சுமார் 27,000. தொடக்க எடையை இதனால் வகுத்து 1 கழித்தால் சங்கிலி ஒன்றுக்குச் சராசரியாக 2.7 வெட்டுகள். பாகுநிலைச் சராசரி எடையை வைத்துப் போடும் தோராயக் கணக்குதான் இது, ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கப் போதுமானது. மாறிலிகள் 25 டிகிரிக்கு உரியவை. 30 டிகிரியில் அளந்துவிட்டு இவற்றைப் போடக் கூடாது.

இனி, முன்பு சொன்ன தவறுக்கு வருவோம். கரைசலில் உள்ள 2 கிராம் பாலிமரில், எடை ஒரு லட்சம் என்று கொண்டால், 20 மைக்ரோமோல் சங்கிலிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் மூன்று இடத்தில் வெட்ட 60 மைக்ரோமோல் வெட்டுகள் போதும். அதே 2 கிராமை கார்பன் டை ஆக்சைடும் தண்ணீருமாக முழுதும் எரிக்க, சங்கிலியில் திரும்பத் திரும்ப வரும் அலகு ஒரு மோலுக்கு 5 மோல் பெராக்சைடு தேவை. மொத்தம் சுமார் 227 மில்லிமோல். நாம் சேர்த்ததோ வெறும் 5 மில்லிமோல். பாகுநிலை கிட்டத்தட்ட தண்ணீர் அளவுக்கு இறங்கிய பிறகும் கார்பனில் பெரும்பங்கு அதே கிண்ணத்தில்தான், துண்டுகளாக, இருக்கிறது. எந்தச் சுத்திகரிப்பு முறையைப் பற்றிப் படித்தாலும் அவர்கள் அளந்தது வெட்டையா, கார்பனையா என்று முதலில் பாருங்கள்.

மற்ற அளவீடுகள்

பி.வி.ஏ. மீதமிருக்கிறதா என்று பார்க்க அயோடின்–போரிக் அமிலச் சோதனை பயன்படும். மாதிரியை லிட்டருக்கு 20 மில்லிகிராம் அளவுக்கு நீர்க்கச் செய்துகொள்ளுங்கள். 4 சதவீதப் போரிக் அமிலம் 15 மி.லி., லிட்டருக்கு 12.7 கிராம் அயோடினும் 25 கிராம் பொட்டாசியம் அயோடைடும் கொண்ட கரைசல் 3 மி.லி. சேர்த்து, 50 மி.லி.க்கு நிரப்பி, பச்சை கலந்த நீலத்தை 690 நானோமீட்டரில் படியுங்கள். பெராக்சைடு மீந்திருந்தால் அயோடைடை அயோடினாக மாற்றி அளவீட்டைக் கெடுக்கும். சல்பைட்டால் அதை அழிக்கப் போனால் சல்பைட் அயோடினை விழுங்கும். இங்கேயும் கேட்டலேஸ்தான் வழி. கஞ்சி நீக்கிய உண்மையான கழிவுநீரில் ஸ்டார்ச்சும் இருக்கும், அதுவும் நீலம் தரும் என்பதை மறக்க வேண்டாம். இந்த நிறமும் முழுச் சான்று அல்ல: ஆல்கஹால் தொகுதிகள் தொடர்ச்சியாக இருக்கும் நீளமான பகுதிகளில்தான் நிறம் உண்டாகும். நடுவில் கீட்டோன்கள் முளைத்தாலே நிறம் மங்கும், கார்பன் போகாமலே.

சி.ஓ.டி., அதாவது வேதி ஆக்சிஜன் தேவை, அளப்பவர்கள் இரண்டு எண்களைக் கையில் வைத்திருங்கள். ஒரு கிராம் பி.வி.ஏ.வின் கணக்குப்படியான சி.ஓ.டி. 1.82 கிராம். மீந்திருக்கும் ஒவ்வொரு மில்லிகிராம் பெராக்சைடும் சி.ஓ.டி.யில் 0.47 மில்லிகிராமைப் போலியாகக் கூட்டும். அமிலக்காரத்தன்மை (pH) மிக மலிவான சான்று: ஃபார்மிக், அசிட்டிக் போன்ற சிறு அமிலங்கள் உண்டாவதால் அது தொடர்ந்து இறங்கும். நிறமாலையில் 280 நானோமீட்டர் அருகே எழும் தோள் கார்பனைல் தொகுதிகளைக் காட்டும், பெராக்சைடை அழித்த பிறகு பார்த்தால்.

ஆக்சிஜன் இல்லாவிட்டால்

25 டிகிரியில் காற்றோடு சமநிலையில் உள்ள தண்ணீரில் ஆக்சிஜன் லிட்டருக்கு 8 மில்லிகிராம் சொச்சம்தான், அதாவது 0.26 மில்லிமோல். வலுவான விளக்கின் கீழ் இது சீக்கிரம் தீர்ந்துவிடும். அப்போது கார்பன் ரேடிக்கல்கள் ஒன்றோடொன்று பிணையத் தொடங்கும். செறிவான கரைசலில் பல சங்கிலிகள் சேர்ந்து கூழாகிவிடும். பாகுநிலை ஏறுவதால் அது கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஏமாற்றுவது நீர்த்த கரைசல். சங்கிலிகள் ஒன்றையொன்று தொடாத தூரத்தில் இருப்பதால், ஒரே சங்கிலியின் இரு இடங்கள் தமக்குள் பிணைந்து சுருள் சுருங்கும். மூலக்கூறு எடை மாறாமலே பாகுநிலை இறங்கும், அதை வெட்டு என்று எண்ணிவிடுவோம். சங்கிலிகள் ஒன்றையொன்று தொடத் தொடங்கும் செறிவை உள்ளார்ந்த பாகுநிலையின் தலைகீழ் தோராயமாகக் காட்டும். நம் மாதிரிக்கு அது லிட்டருக்கு 8 கிராம், நாம் வேலை செய்வது அதற்குக் கீழே. காற்றுக் குமிழியை ஒரு நிமிடம்கூட நிறுத்தக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். ஐயம் இருந்தால், சங்கிலிகளை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல் ஊடுருவல் குரோமட்டோகிராஃபியை ஒளிச்சிதறல் உணரியோடு செய்து பார்க்க வேண்டும்.

கிணற்று நீரிலும் வேறு பாலிமரிலும்

போர்வெல் தண்ணீரின் பைகார்பனேட் ரேடிக்கல்களைத் தின்னும் என்று எல்லோரும் சொல்வார்கள். லிட்டருக்கு 4 கிராம் பாலிமர் இருக்கும்போது அது பொருட்டே இல்லை. பாலிமரே பெரும்பங்கைப் பிடித்துவிடும். சில பத்து மில்லிகிராம் பாலிமர் மட்டும் உள்ள கழிவுநீரில், 300 மில்லிகிராம் பைகார்பனேட் சரிபாதி அளவில் போட்டிக்கு வரும். அங்கே முதலில் அமிலம் விட்டுக் காற்றூதிப் பைகார்பனேட்டை வெளியேற்றுவது பயன் தரும்.

இதே அமைப்பில் பாலிஎத்திலீன் கிளைக்காலையும் உடைக்கலாம். ஈதர் ஆக்சிஜனுக்குப் பக்கத்துக் கார்பனில் தாக்குதல் நடக்கும். பாலிஅக்ரிலிக் அமிலத்துக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. அது மின்சுமை கொண்ட சங்கிலி. அமிலக்காரத்தன்மை இறங்கினாலே சுமை குறைந்து சுருள் ஒடுங்கும், ஒரு வெட்டுகூட இல்லாமல் பாகுநிலை சரியும். ஒளியூட்டி முடித்து, பெராக்சைடை அழித்து, ஒவ்வொரு மாதிரியையும் ஒரே அமிலக்காரத்தன்மைக்குக் கொண்டுவந்து, 0.5 மோலார் சோடியம் குளோரைடு இருக்கும்படி சேர்த்த பிறகே பாகுமானியில் ஊற்றுங்கள். உப்பை ஒளியூட்டுவதற்கு முன் சேர்த்தால் குளோரைடும் ரேடிக்கல் வேதியியலில் கலந்துகொள்ளும். தொடக்க மாதிரிக்கும் ஒப்புச் சோதனைகளுக்கும் இதே உப்பு, இதே அமிலக்காரத்தன்மை இருக்க வேண்டும். தண்ணீருக்குப் பதில் அந்த உப்புக் கரைசல் ஓடும் நேரத்தையே வகுப்பானாக எடுத்துக்கொள்ளுங்கள்.